எங்கள் ஊரின் பெயரில் ஒரு தேக்குக் கப்பல்

கப்பலின் அணியத்தில், அதாவது முன்முனையில், தலைப்பாகை கட்டிய ஒருவரின் மார்பளவுச் சிற்பம் இருக்கிறது. அதற்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஐப்பசி மாதத்து வடகடல் காற்று காதைக் குத்தியது. நுழைவாயிலில் கப்பலின் பெயரைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன்: டிரிங்கோமலி. திருகோணமலையை வெள்ளைக்காரர் வாய் அப்படித்தான் சொல்லும். நான் பிறந்த ஊர் அது.

இடம் ஹார்ட்டில்பூல். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள சின்ன ஊர். அங்கே பழைய கப்பல் துறை ஒன்றில், மூன்று பாய்மரங்களோடு, கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டையோடு, தண்ணீரில் மிதந்தபடி நிற்கிறது இந்தப் போர்க்கப்பல். 1817-இல் கடலில் இறங்கியது. பிரிட்டனில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுதான் மூத்தது. அட்மிரல் நெல்சனின் விக்டரி என்ற போர்க்கப்பல் இதைவிடப் பழையது. ஆனால் அது 1922-இலிருந்து போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் நிற்கிறது.

என் அப்பப்பா ஓடாவி. கடற்கரையில் வள்ளம் கட்டுவார். மரத்தை வாங்குமுன் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். சின்ன வயதில் அவர் பக்கத்தில் நின்று நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, கப்பலில் ஏறியதும் என் கண் பீரங்கிகளில் நிற்கவில்லை. மரத்தைத்தான் தேடியது.

மரம் தேக்கு. மலபார்த் தேக்கு. கட்டியது பம்பாயில், வாடியா குடும்பத்தைச் சேர்ந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி என்ற பார்சி ஓடாவி. 1736-இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லவ்ஜி நசர்வான்ஜியிலிருந்து தொடங்கும் பரம்பரை அது. பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பெரிய போர்க்கப்பல்களைக் கட்டித் தந்தவர்கள். 1842-இல் சீனாவோடு நடந்த அபினிப் போர் முடிந்து நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானதே, அந்தக் கார்ன்வாலிஸ் கப்பலும் ஜம்ஷெட்ஜி கட்டியதுதான்.

இங்கிலாந்துக்காரர் ஏன் பம்பாய் வரை வந்தார்கள்? அவர்கள் காட்டில் ஓக் மரம் தீர்ந்துகொண்டு வந்தது. பிரான்சோடும் பிறகு நெப்போலியனோடும் இருபது வருடச் சண்டை. ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு ஆயிரக்கணக்கான ஓக் மரம் வேண்டும். ஒரு ஓக் அந்தப் பருமனுக்கு வளர நூறு வருடம் ஆகும். தேக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓக்கில் உள்ள துவர்ப்புச் சாறு இரும்பு ஆணியை அரிக்கும், ஆணியைச் சுற்றி மரமும் கறுத்துப்போகும். தேக்கில் இருப்பது எண்ணெய், அது இரும்பைக் காக்கும். செல் தேக்கை எளிதில் தொடாது. இதை எங்கள் ஊர் ஓடாவி எவரைக் கேட்டாலும் சொல்லுவார். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது உறைக்கக் கொஞ்சக் காலம் எடுத்திருக்கிறது.

அந்தத் தேக்குக்கு ஒரு விலை இருந்தது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கப்பல் கட்ட மரம் தடையில்லாமல் வரவேண்டும் என்று 1806-இல் கேப்டன் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியைக் காட்டுக்குக் காவலராக நியமித்தார்கள். காட்டைக் காப்பாற்றுவதற்கு அல்ல, மரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கென்று வளைத்துக்கொள்வதற்கு. அதுவரை வீட்டுக்கும் கலப்பைக்கும் வெட்டிக்கொண்டிருந்த குடியானவருக்குக் கைவைக்க முடியாமல் போனது. மர வியாபாரிகளுக்குத் தொழில் போனது. முறைப்பாடு கூடிக்கூடி, கடைசியில் 1823-இல், தாமஸ் மன்றோ சென்னையில் கவர்னராக இருந்தபோது அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். டிரிங்கோமலி கட்டப்பட்டது சரியாக அந்த இடைக்காலத்தில். வெட்டியது எவ்வளவு என்பதை அதன் பின்விளைவிலிருந்து ஊகிக்கலாம்: 1840-களில் மலபார் கலெக்டர் கானலி, நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கவேண்டி வந்தது. நட்டதில் பெரும்பங்கு வேலை சாத்து மேனன் என்பவருடையது. கானலி தோட்டம் என்று அந்த மரங்களில் சில இன்றும் நிற்கின்றன.

சரி, கப்பலுக்கு வருகிறேன்.

ஆணை கொடுத்தது 1812 அக்டோபரில். வரைபடம் லண்டனிலிருந்து பம்பாய்க்கு வரவேண்டும். அந்த வரைபடம் 1782-இல் பிடிபட்ட எபே என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்து எடுத்தது. லேடா வகுப்பு என்று சொல்வார்கள், 38 பீரங்கிக் கப்பல். வரைபடத்தை ஏற்றிக்கொண்டு ஜாவா என்ற போர்க்கப்பல் கிளம்பியது. அமெரிக்காவோடு சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். 1812 டிசம்பர் 29 அன்று, பிரேசில் கரைக்கு அப்பால், அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷன் குறுக்கே வந்தது. சில மணி நேரத்தில் ஜாவாவின் மூன்று பாய்மரங்களும் விழுந்தன. கேப்டன் லாம்பர்ட் காயத்தால் இறந்தார். கான்ஸ்டிடியூஷனின் சுக்கான் சக்கரம் சண்டையில் சிதறிப்போனதால், ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றித் தங்கள் கப்பலில் பொருத்திக்கொண்டார்கள் அமெரிக்கர்கள். பிறகு ஜாவாவுக்குத் தீ வைத்துவிட்டார்கள். டிரிங்கோமலியின் வரைபடமும் அதோடு போனது.

வேறு பிரதி அனுப்பி, அது பம்பாய் வந்து, வேலை தொடங்கும்போது 1816. அதற்குள் வாட்டர்லூச் சண்டையும் முடிந்து நெப்போலியனைத் தீவில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். எந்தச் சண்டைக்காகக் கப்பல் கேட்டார்களோ அந்தச் சண்டையே இல்லை. வேலையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏராவில், அதாவது கப்பலின் அடிமரத்தில், பார்சி வழக்கப்படி ஒரு வெள்ளி ஆணியை அடித்தார்கள். எங்கள் கரையில் ஏரா வைக்கும் நாளில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவோம். தெய்வம் வேறு, பயம் ஒன்றுதான்: இது போய்த் திரும்பி வரவேண்டும்.

1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறங்கியது. பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம், கப்பலின் அகலம் 40 அடி.

பெயர் ஏன் எங்கள் ஊர்? 1782-ஐப் பார்க்கவேண்டும். அந்த ஆண்டில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் பிரெஞ்சு சுஃப்ரனும் வங்கக்கடலில் நான்கு முறை மோதினார்கள்: சதுரங்கப்பட்டினம், பிராவிடியன், நாகப்பட்டினம், திருகோணமலை. சென்னைக்கும் கடலூருக்கும் நாகைக்கும் அன்று ஒதுங்கத் துறையே கிடையாது, திறந்த கடல்தான். வாடைக்காற்று தொடங்கினால் கப்பல்கள் நங்கூரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடவேண்டும். இந்தப் பக்கத்தில் புயலுக்கு அஞ்சாமல் ஒரு முழுக் கடற்படையும் உள்ளே வந்து நிற்கக்கூடிய துறை எங்கள் ஊரில்தான் இருந்தது. அதை ஆங்கிலேயர் ஜனவரியில் பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரன் பறித்துக்கொண்டார். செப்டம்பர் 3 அன்று துறைக்கு வெளியே பெரிய சண்டை நடந்தும் எவரும் வெல்லவில்லை. எங்கள் ஊருக்கு இந்தச் சண்டையில் பங்கு என்று எதுவுமில்லை. துறை எங்களுடையது, அவ்வளவுதான். அப்படித்தான் அந்தப் பெயர் ஒரு கப்பலுக்குப் போனது.

முதல் பயணம் போர்ட்ஸ்மவுத்துக்கு. வழியில் 1819 ஜனவரி 24 அன்று, நெப்போலியனை அடைத்துவைத்திருந்த செயின்ட் ஹெலனா தீவில் நின்றது. ஆறு நாள் கழித்துப் புறப்படும்போது ஒருவர் கூடுதலாக ஏறினார், ஜான் ஸ்டோக்கோ என்ற கடற்படை மருத்துவர். சில நாட்களுக்கு முன்புதான் அவர் லாங்வுட் வீட்டில் நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்திருந்தார். ஈரலில் நோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தீவின் தட்பவெப்பமே கைதியைக் கொல்கிறது என்று அதற்கு அர்த்தம் வரும். கவர்னர் ஹட்சன் லோவுக்கு அது பொறுக்கவில்லை. ஸ்டோக்கோவை ஊருக்கு அனுப்பி, திரும்பவும் தீவுக்கே வரவழைத்து, கடற்படை விசாரணை வைத்து வேலையிலிருந்து நீக்கினார்கள். உள்ளதை உள்ளபடி எழுதிய ஒரு வைத்தியர் அந்தக் கீழ்த்தளத்தில் எங்கோ ஒரு சின்ன அறையில் மூன்று மாதம் வந்திருக்கிறார் என்று நினைத்தபோது, குனிந்து குனிந்து அந்த அறைகள் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தேன். குனியாமல் அங்கே நடக்க முடியாது. மாலுமிகளுக்குக் கட்டிலெல்லாம் இல்லை. உத்தரத்திலிருந்து ஏணை மாதிரித் துணி தொங்கும், ஒருவருக்கு 14 அங்குல இடம் என்று கணக்கு. அம்மா ஏணை கட்டுவதற்கே அதைவிடக் கூடுதல் இடம் விடுவார்.

1819 ஏப்ரல் 30 அன்று போர்ட்ஸ்மவுத் வந்தது. வந்ததும் பாய்மரங்களை இறக்கி, பீரங்கிகளை எடுத்து, ஓரமாகக் கட்டிவிட்டார்கள். 1845 வரை. இருபத்தாறு வருடம். அதற்குள் பீரங்கிகளின் காலம் மாறிவிட்டது. பழைய எண்ணிக்கையைக் குறைத்து, கனமான பீரங்கிகளாக 26 வைத்தார்கள். பின்பகுதியின் வடிவத்தை மாற்றினார்கள். 1847-இல்தான், முப்பது வயதில், முதன்முதலாகக் கடமைக்குப் போனது.

கடமை என்று பார்த்தால் இரண்டு பயணம். முதலாவது 1847 முதல் 1850 வரை, கேப்டன் வாரனின் கீழ், வட அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும். ஹெயிட்டியில் கலவரம், கியூபா மீது படையெடுப்பு வரும் என்ற பேச்சு, அடிமைக் கப்பல்களுக்குக் காவல், நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடிக் கரைகள். இரண்டாவது 1852 முதல் 1857 வரை, கேப்டன் வாலஸ் ஹூஸ்டன் தலைமையில், பசிபிக். கிரிமியப் போர் அந்தக் காலத்தில்தான் நடந்தது. பெரிங் நீரிணைப் பக்கம் வரை கப்பல் போயிருக்கிறது, ஆர்க்டிக்கில் காணாமல்போன ஃபிராங்க்ளினைத் தேடுகிறவர்களுக்குச் சாமான் கொண்டு. மலபார்க் காட்டில் நின்ற மரம் பனிப்பாறைக் கடலில் மிதந்திருக்கிறது.

1856-இல் நடந்ததை இங்கே எழுதாமல் போகமாட்டேன். கப்பலில் மாட்டியிருந்த பலகைகளில் நான் பார்த்தவரை அது இல்லை.

வான்கூவர் தீவு அப்போது பிரிட்டிஷ் குடியேற்றம். கவிச்சன் பள்ளத்தாக்கு அங்கே ஆதிகாலத்திலிருந்து வாழும் மக்களின் நிலம். தாத்லாசுட் என்ற ஒருவர் தாமஸ் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக் குடியேறியைச் சுட்டுக் காயப்படுத்தினார். வில்லியம்ஸ் பிழைத்துக்கொண்டார். கவர்னர் ஜேம்ஸ் டக்ளஸ் ஓட்டர் என்ற நீராவிக் கப்பலால் டிரிங்கோமலியை இழுத்துக்கொண்டு கவிச்சன் குடாவுக்குப் போனார். 400 பேருக்கு மேல் மாலுமிகளும் கடற்படை வீரர்களும் கரையிறங்கினார்கள். தாத்லாசுட்டைப் பிடித்து, அங்கேயே விசாரித்து, அவர் மக்களின் கண்ணுக்கு முன்னால் தூக்கிலிட்டார்கள்.

இந்தக் கப்பல் பெரிய போரில் எவரையும் கொல்லவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படித்தான் எனக்கும் முதலில் சொல்லத் தோன்றியது. ஆனால் துறைக்குள் பீரங்கிக் கப்பல் ஒன்று வந்து நிற்பதைக் கரையிலிருந்து பார்த்தவர்களின் ஊரில் நான் பிறந்தவன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மாறி மாறி வந்தார்கள். கவிச்சன் மக்கள் அன்று கரையில் நின்று பார்த்த கப்பலுக்கு எங்கள் பெயர் இருந்தது. அதை நினைக்க வயிறு கலங்குகிறது.

அந்தப் பெயர் அங்கேயே தங்கியும் விட்டது. கனடாவின் மேற்குக் கரை வரைபடத்தில், காலியானோ தீவுக்கும் சால்ட்ஸ்பிரிங் தீவுக்கும் இடையில் ஓடும் நீர்வழியைப் பாருங்கள். டிரிங்கோமலி கால்வாய் என்று போட்டிருக்கும். பக்கத்தில் ஹூஸ்டன் வழி, அதன் அருகே வாலஸ் தீவு. இரண்டும் அந்தக் கேப்டன் பெயர். மக்களின் சொந்தப் பெயர்களுக்கு மேல் எழுதிய பெயர்கள் இவை. அதில் ஒன்று கோணேசர் மலையின் பெயர்.

1857-இல் கடற்படைச் சேவை முடிந்தது. அதன் பிறகு பயிற்சிக் கப்பல். சண்டர்லாந்தில் கொஞ்சம், இதே ஹார்ட்டில்பூலில் கொஞ்சம், அப்புறம் சவுத்தாம்ப்டன். 1897-இல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

காப்பாற்றியது இன்னொரு கப்பலின் சாவு. ஜார்ஜ் வீட்லி காப் என்ற வேல்ஸ் செல்வந்தர், நெல்சனின் பழைய கப்பலான ஃபூட்ராயண்டை வாங்கி ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருந்தார். 1897 ஜூனில் பிளாக்பூல் கரையில் புயல் அடித்து அது உடைந்தது. மாற்றுக் கப்பல் தேடியவர் கண்ணில் உடைப்பவரிடம் கிடந்த டிரிங்கோமலி பட்டது. வாங்கினார், பழுதுபார்த்தார், தான் இழந்த கப்பலின் பெயரையே இதற்கும் வைத்தார். அன்றிலிருந்து இது ஃபூட்ராயண்ட். ஃபால்மவுத்திலும் பிறகு போர்ட்ஸ்மவுத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதில் ஏறிக் கயிறு கட்டவும் படகு வலிக்கவும் பழகினார்கள். பக்கத்தில் கட்டியிருந்த இம்பிளக்கபிள், டிரஃபால்கர் கடற்சண்டையில் பிரெஞ்சுப் பக்கம் நின்ற ஓக் கப்பல், பழுதுபார்க்கப் பணமில்லை என்று 1949-இல் கடலுக்குள் அமிழ்த்தப்பட்டது. தேக்குக் கப்பல் தப்பியது.

1987-இல் தட்டைப் படகில் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஊரின் கப்பல் கட்டும் துறைகள் மூடிப் பல வருடம் ஆகியிருந்தன. ஆனால் வாரியர் என்ற பழைய இரும்புக் கப்பலை அப்போதுதான் புதுப்பித்து முடித்திருந்த கைகள் அங்கே இருந்தன. 1990 முதல் 2001 வரை வேலை. ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவு. திறந்து பார்த்தால், மரத்தில் பாதிக்கு மேல், 60 சதவீதத்துக்கும் கூடுதலாக, பம்பாயில் வைத்தது அப்படியே இருந்தது. 1992-இல் பழைய பெயரையும் திருப்பிக் கொடுத்தார்கள், வெகு காலம் கழித்து. அது எனக்குப் பெரிய விஷயம். சம்பந்தர் கோணமாமலை என்று பாடிய ஊர், எத்தனை அரசுகள் வந்து எத்தனை விதமாக எழுதினாலும் ஊருக்குள் கோணமலையாகவே இருந்தது. ஒரு பெயரைத் திருப்பிக் கொடுப்பது சும்மா காரியமில்லை.

இன்னொன்று. உலகத்தில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதைவிட மூத்தது பாஸ்டன் துறையில் நிற்கிறது, 1797-இல் இறங்கியது. அது கான்ஸ்டிடியூஷன். இந்தக் கப்பலின் முதல் வரைபடத்தைக் கடலில் எரித்த அதே கப்பல். இரண்டும் ஒரே சமுத்திரத்தின் இரண்டு கரைகளில் இன்னும் நிற்கின்றன.

கீழ்த்தளத்தில் பார்வையாளர் குறைந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அங்கே பின்னேரம். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, எங்கட ஊர்ப் பேரிலை ஒரு கப்பல். இருநூறு வரியத்துக்கு மேலை.”

“ஆர் கட்டினது?”

“பம்பாயிலை, பார்சி ஓடாவிகள்.”

“என்ன மரம்?”

“தேக்கு. மலபார்த் தேக்கு.”

பீரங்கியைக் காட்டினேன், பார்க்கவில்லை. “பலகை மூட்டைக் காட்டு” என்றார். வெளிச்சத்தைத் திருப்பி, கப்பலின் விலா மரங்களான வங்குக் கால்களும் பலகையும் சேரும் இடத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். உளி போன தடம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. 1817-இல் போட்டதா, பிறகு பழுதுபார்த்தவர் போட்டதா, எனக்குத் தெரியாது.

“தட்டிக் காட்டு.”

ஃபோனை மரத்தோடு ஒட்டிப் பிடித்து, விரல் முட்டியால் மூன்று முறை தட்டினேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

“இன்னொருக்கால் தட்டு பாப்பம்” என்றார்.